இலை எடுக்கும் வேளை

பெங்களூரின் வெளிவட்டச் சாலையை ஒட்டி எழுந்து நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம், உங்கள் மகன் அங்கே என்னதான் வேலை செய்கிறான் என்று விசாரித்தால், ‘கம்ப்யூட்டர்’ என்ற ஒரே சொல்லோடு பதில் முடிந்துவிடுவதை நம்மில் பலரும் கேட்டிருப்போம். அந்த ஒரு சொல்லுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் எத்தனையோ தொழில்களில், வலைத்தளங்களையும், கைபேசியில் விரியும் கடைகளையும் வங்கிகளையும் நிர்மாணம் செய்யும் தொழில் ஒன்று. அத்தொழிலில் தினந்தோறும், பெரும்பாலும் யோசனையின்றியே, நடந்துவரும் காரியங்களுள் மிகச் சிறியது, காலாவதியான கோப்புகளை நீக்குவது. கழிவு நீக்குவதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர் புருவத்தை நெரிக்கக்கூடும். நீக்குவது எளிது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. எப்போது நீக்குவது என்பதில்தான் கெட்டிக்காரர்களும் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு வலைத்தளத்தைக் கட்டுகிறவர் தம் கையால் எழுதுவது வேறு. நம் கைபேசிக்கு வந்து சேர்வது வேறு. எழுதுகிறவர் தம் சௌகரியத்துக்காக, நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளாகப் பிரித்து, பின்னால் வருகிறவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று குறிப்புகளையும் இடையிடையே வைத்து, தாராளமான இடைவெளியோடு எழுதிக்கொண்டு போகிறார். அவற்றை அப்படியே அனுப்பினால் பக்கம் திறப்பதற்குள் நாம் பொறுமை இழந்துவிடுவோம்; ஆகையால் வெப்பேக், வீட், ரோலப் என்ற பெயர்களில் வழங்கும் கருவிகள் அந்த மூலக் கோப்புகளை ஒன்று சேர்த்து, குறிப்புகளை உதிர்த்து, இடைவெளிகளை நசுக்கி, பிரவுசர் சிரமமின்றிப் படிக்கத்தக்க சில கோப்புகளாகச் சுருக்கித் தருகின்றன. இந்தக் கிரியைக்குத் தொழிற்காரர்கள் ‘பில்ட்’ எடுப்பது என்று சொல்லுவார்கள். அதன் பயனாகப் பிறக்கும் கோப்புகள் யாவும் ‘டிஸ்ட்’ என்ற பெயருடைய ஒரு தனி ஃபோல்டரில் போய் விழும். அந்த ஃபோல்டருக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: அதில் உள்ளது எதையும் மனிதர் எவரும் கையால் எழுதுவதில்லை, மூலம் பத்திரமாக இருக்கும்வரை, அதில் உள்ளது எதையும் சில விநாடிகளில் மறுபடி உண்டாக்கிவிடலாம். ஆகவேதான் அந்த ஃபோல்டரை முழுவதுமாக அழிப்பதற்கு எவரும் அஞ்சுவதில்லை.

பழைய கோப்புகள் அங்கே ஏன் சேருகின்றன என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது முற்றிலும் நல்ல நோக்கத்தில் பிறந்த காரணம். ஒருமுறை இறக்கிய கோப்பை நம்முடைய பிரவுசர் ‘கேஷ்’ என்னும் தன் சொந்தக் களஞ்சியத்தில் சேமித்து வைத்துக்கொண்டு, அதே பெயர் மறுபடி வரும்போது சர்வரைக் கேட்காமலே எடுத்துக் காட்டிவிடும். வேகத்துக்கு இது நல்லது. ஆனால் கோப்பின் உள்ளடக்கம் மாறியும் பெயர் மாறாமல் இருந்துவிட்டால், வாடிக்கையாளர் நேற்றைய விலையையே இன்றும் பார்த்துக்கொண்டிருப்பார். இதற்குக் கண்ட பரிகாரம், உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு வரும் ஓர் எண்ணைக் கோப்பின் பெயரிலேயே பதித்துவிடுவது. இன்று ‘மெயின்-40817263.ஜேஎஸ்’ என்று இருப்பது, நாளை ஒரே ஒரு எழுத்தைத் திருத்தினாலும் ‘மெயின்-95510384.ஜேஎஸ்’ என்று வேறு பெயரில் பிறக்கும். பெயருக்கு உரிய பொருள் ஒருநாளும் மாறாது என்ற நிச்சயம் ஏற்பட்டுவிட்டபடியால், ‘இதை 31536000 விநாடிகள் வைத்துக்கொள்’ என்று, அதாவது முழுதாக ஓர் ஆண்டு, சர்வர் பிரவுசருக்குத் தைரியமாகச் சொல்லலாம். ‘இண்டெக்ஸ்’ என்ற ஒரு முதற்பக்கம் மட்டும் என்றும் அதே பெயரில் இருந்துகொண்டு, இன்றைய தேதியில் எந்தெந்தக் கோப்புகளைக் கேட்க வேண்டும் என்று சொல்லித் தரும்.

ஏற்பாடு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் மாறிப் பிறக்கும் பிள்ளை, முன்னதன் இடத்தில் வந்து உட்காருவதில்லை, பக்கத்தில் உட்காருகிறது. ஒரே பெயர் வழங்கிய காலத்தில் புதியது பழையதைத் தானாகவே அழித்துவிடும். இப்போதோ ஒவ்வொரு பில்டும் முந்தையவற்றின் மேல் படிந்துகொண்டே போகிறது. ஒரு மாதம் கவனியாமல் விட்ட டிஸ்ட் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால், ‘மெயின்’ என்று தொடங்கி வெவ்வேறு எண்களில் முடியும் கோப்புகள் திரைக்கு அடங்காமல் நீளும். அவற்றில் உயிருள்ளது எது என்று பெயரைக் கொண்டு மட்டும் ஒருவராலும் சொல்ல முடியாது.

பில்ட் செய்த சரக்கும் மூலமும் ஒன்றுக்கொன்று பிசகிப்போகும் தொல்லை வலைத்தளங்களோடு பிறந்ததன்று. 1976-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில், ‘யாக்’ என்ற பிரசித்தி பெற்ற கருவியை ஆக்கிய ஸ்டீவ் ஜான்சன், தம்முடைய நிரலில் ஒரு பிழையைத் தேடி ஒரு காலைப் பொழுதையே பறிகொடுத்தார். பிழையோ ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய மூலத்திலிருந்து புதிய கோப்பை உண்டாக்க மறந்துவிட்டபடியால், பழைய கோப்பே ஓடிக்கொண்டிருந்தது. விதியைத் திட்டிக்கொண்டே அவர் தம் சகாவான ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்தார். ஃபெல்ட்மனும் முந்தின நாள் மாலை அதே விபத்தில் அகப்பட்டிருந்தவர்தாம். இருவருடைய மனத்தாங்கலிலிருந்து அந்த வார இறுதியிலேயே பிறந்தது ‘மேக்’ என்னும் கருவி. எது மாறியது, அதனால் எதை மறுபடி உண்டாக்க வேண்டும் என்று தானே கணக்கிடும் அந்தக் கருவிக்காக ஃபெல்ட்மனுக்கு 2003-ஆம் ஆண்டின் ஏ.சி.எம். விருது கிடைத்தது. அந்தக் கருவியைச் சுற்றி வளர்ந்த சம்பிரதாயங்களில் ஒன்று, ‘மேக் க்ளீன்’ என்று தட்டினால், உண்டாக்கியவை அனைத்தும் நீங்கி மூலம் மட்டும் மிஞ்சுவது. இன்று பெங்களூரில் கல்லூரி முடித்து வந்த இளைஞர் ஒருவர், தாம் எழுதியது சரியாக இருந்தும் திரையில் மாற்றம் தெரியாதபோது, பக்கத்து நாற்காலிக்காரரிடமிருந்து முதலில் கேட்பது, ‘டிஸ்ட்டை அழிச்சிட்டு மறுபடி பில்ட் எடுத்துப் பாருப்பா’ என்பதாகவே இருக்கும்.

பழையது கிடந்தால் இடம் அடைக்கும், அவ்வளவுதானே என்று நினைக்கத் தோன்றும். வட்டின் விலை மலிந்துவிட்ட காலத்தில் அது பெரிய குற்றமுமன்று. உண்மையான உபத்திரவம் வேறு விதத்தில் வருகிறது. டைப்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதுகிறவர்கள் அறிந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த மொழியின் கம்பைலர், ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் நேராக ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை டிஸ்ட்டில் உண்டாக்கும். ஆனால் மூலக் கோப்பு ஒன்றை நாம் அழித்துவிட்டால், அதற்கு நேரானதைத் தேடிச் சென்று அழிப்பது தன் கடமையென்று அது கருதுவதில்லை. இப்போது, தரவுத்தளத்தின் அட்டவணைகளை மாற்றியமைக்கும் ‘மைக்ரேஷன்’ கோப்பு ஒன்றை ஒருவர் எழுதினார். அது தவறானது என்று கண்டு மூலத்திலிருந்து நீக்கியும்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். தரவுத்தளக் கருவிக்கோ, டிஸ்ட்டில் அந்தத் துணை ஃபோல்டருக்குள் உள்ள கோப்புகள் அனைத்தையும் வரிசையாக ஓட்டு என்று உத்தரவு. மூலத்தில் இறந்துபோன கோப்பு டிஸ்ட்டில் உயிரோடிருந்து, தன் முறை வந்ததும் எழுந்து, நீக்கப்பட்ட மாற்றத்தைத் தரவுத்தளத்தில் நிறைவேற்றிவிடும். மூலத்தை எத்தனை முறை வாசித்தாலும் காரணம் புலப்படாது. ஏனென்றால் காரணம் மூலத்தில் இல்லை.

வேறொரு ஆபத்தும் உண்டு. அவசரத்தில் ஒரு ரகசியச் சாவியை நிரலின் வரிகளாகிய கோடுக்குள்ளேயே எழுதிவிட்டு, மறுநாள் பிழை உணர்ந்து எடுத்துவிடுகிறார்கள். புதிய பில்டில் சாவி இல்லை, எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். நேற்றைய கோப்பு நேற்றைய பெயரிலேயே சர்வரில் இருக்கிறது. பெயரைக் குறித்து வைத்தவன் எவனும் எடுத்துப் படிக்கலாம். முதற்பக்கம் ஒரு கோப்பைக் குறிப்பிடாமல் விடுவதற்கும் அந்தக் கோப்பு இல்லாமல் போவதற்கும் உள்ள தூரத்தை மறந்தவர்கள் அநேகர். (கோப்பை நீக்கினாலும் வெளியே போன சாவியை மாற்றியே தீர வேண்டும் என்பது தனிக் கதை.)

பழைய கோடு செய்யும் நாசத்துக்கு உலகம் கண்ட பெரிய திருஷ்டாந்தம் நியூயார்க் பங்குச் சந்தையில் நடந்தது. அது வலைத்தள விவகாரம் அல்லவென்றாலும் இங்கே சொல்லத் தகும். நைட் கேப்பிட்டல் என்ற தரகு நிறுவனம், ‘பவர் பெக்’ என்று தான் பெயரிட்டிருந்த ஒரு வியாபார முறையை 2003-ஆம் ஆண்டிலேயே கைவிட்டுவிட்டது. ஆனால் அதன் கோடு சர்வர்களில் தங்கிவிட்டது. 2012-ஆம் ஆண்டில் புதிய முறையொன்றைப் புகுத்தியபோது, பழையதை எழுப்பப் பயன்பட்ட அதே ‘ஃப்ளாக்’ குறியைப் புதியதற்கும் உபயோகித்தார்கள். எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய கோடு போய்ச் சேர்ந்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி காலை சந்தை திறந்ததும், எட்டாவது சர்வரில் ஒன்பது வருஷ உறக்கத்திலிருந்து பவர் பெக் விழித்துக்கொண்டு, பங்குகளைக் கட்டுக்கடங்காமல் வாங்கவும் விற்கவும் தொடங்கிற்று. சுமார் 45 நிமிஷத்தில் நிறுவனத்துக்கு நேர்ந்த நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

ஆகவே துடைப்பது அவசியம். துடைக்கும் கருவிகளுக்கும் குறைவில்லை. வெப்பேக் கருவியில் முன்பு இதற்கென்று ஒரு தனிச் செருகலைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஐந்தாம் பதிப்பின் காலத்தில், ‘க்ளீன்’ என்ற ஒரே சொல்லை அமைப்புக் கோப்பில் எழுதினால் போதும் என்றாகிவிட்டது. வீட் கருவி, சொல்லாமலே ஒவ்வொரு பில்டுக்கும் முன்னால் ஃபோல்டரைக் காலி செய்துவிடும்; ஆனால் அந்த ஃபோல்டர் நம்முடைய புராஜெக்டின் எல்லைக்கு வெளியே இருக்குமானால், கையை வைக்காமல் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும். இந்த ஒதுக்கத்துக்கு அர்த்தம் இருக்கிறது. யூனிக்ஸ் வழி வந்த கணினிகளில் ‘ஆர்.எம்.’ என்ற ஆணையோடு ‘ஆர்.எஃப்.’ என்ற இரண்டெழுத்துச் சீட்டைச் சேர்த்துக் கொடுத்தால், அது கேள்வி கேட்காமல், உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் அத்தனையையும் அழித்துவிடும். 2015-ஆம் ஆண்டு ஜனவரியில், லினக்ஸ் கணினிகளில் விளையாட்டுகளை நிறுவித் தரும் ‘ஸ்டீம்’ என்ற மென்பொருளின் ஸ்கிரிப்ட் ஒன்று, தன் சொந்த ஃபோல்டரின் முகவரியை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அந்த மாறிக்குள் இருப்பதை எல்லாம் அழி என்று ஆணையிட்டது. ஃபோல்டரை இடம் மாற்றி வைத்திருந்த ஒருவருடைய கணினியில் மாறி வெறுமையாக இருந்தது. வெறுமைக்குப் பின்னால் வந்த சாய்கோடு, கணினியின் ஆணிவேரையே குறித்துவிட்டபடியால், அவருடைய கோப்புகள் யாவும், வெளியே இணைத்திருந்த வட்டில் இருந்தவை உட்பட, மறைந்துபோயின. அந்த வரிக்கு மேலே, எழுதிய பொறியாளர் ‘பயமாயிருக்கிறது’ என்று பொருள்படும் ஒரு சொல்லை ஆங்கிலத்தில் குறித்து வைத்திருந்தார். பயந்தவர் பரிகாரமும் செய்திருக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் கட்டுகிறவருடைய சொந்தக் கணினியில் நடப்பது. அங்கே டிஸ்ட்டைத் துடைப்பது, சரியான ஃபோல்டரைத் துடைக்கும்வரை, நிர்ப்பயமான காரியம். ஆனால் அதே ஃபோல்டர் அப்படியே சர்வருக்கு ஏறி ஜனங்களுக்கு முன்னால் நிற்கும்போது, விஷயம் தலைகீழாகிவிடுகிறது. பலருக்கு இது புரிவதில்லை, அல்லது புரிந்தும் சௌகரியத்துக்காக மறந்துவிடுகிறார்கள். சமையற்கட்டில் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பந்தியில், விருந்தாளி ரசத்துக்குக் காத்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த பந்திக்கு நேரமாகிறது என்று இலையை உருவினால் அதற்குப் பெயர் சுத்தமா?

நம்ம மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில், ஒயிட்ஃபீல்டில் ஏறிய ஒரு பெண்மணி, கைபேசியில் ஏதோவொரு கடையைத் திறந்து புடவை தேர்ந்தெடுத்துக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எம்.ஜி. ரோடு தாண்டியதும் ரயில் சுரங்கத்தில் இறங்குகிறது. கப்பன் பார்க், விதான சௌதா, மெஜஸ்டிக் எல்லாம் பூமிக்கடியில் கழிகின்றன. தொடர்பு அறுந்தும் ஒட்டியும் வருகிறபடியால் அவர் கைபேசியைப் பையில் போட்டுவிடுகிறார். அதற்குள் கடைக்காரருடைய பொறியாளர்கள் புதிய பில்டை ஏற்றி, பழைய கோப்புகளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள். மாகடி ரோடு அருகே ரயில் வெளிச்சத்துக்கு வந்ததும், அவர் மறுபடி கைபேசியை எடுத்து, ‘பணம் செலுத்து’ என்ற பொத்தானை அழுத்துகிறார். இந்நாளைய வலைத்தளங்கள் எல்லாக் கோடையும் முதலிலேயே இறக்குவதில்லை. பணம் செலுத்தும் பகுதிக்கு வேண்டிய துண்டை, அந்தப் பொத்தானைத் தொடும்போதுதான் கேட்கும். அவர் கையில் இருப்பது காலையில் திறந்த பக்கம். அது பழைய எண்ணுள்ள துண்டைக் கேட்கிறது. அந்தத் துண்டு இப்போது உலகத்தில் இல்லை.

அதன் பிறகு நடப்பது இன்னும் வேடிக்கை. தெரியாத முகவரி எதைக் கேட்டாலும், ‘இல்லை’ என்று சொல்லாமல் முதற்பக்கத்தையே எடுத்துக் கொடு என்று பல சர்வர்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். ஒரே பக்கத்தில் இயங்கும் வலைத்தளங்களுக்கு அது வேறொரு காரணத்துக்காகத் தேவைப்படும் மரியாதை. ஆகவே ஜாவாஸ்கிரிப்ட் துண்டைக் கேட்ட பிரவுசருக்கு எச்.டி.எம்.எல். பக்கம் வந்து சேர்கிறது. எச்.டி.எம்.எல். தொடங்குவது ‘<’ என்ற குறியில்; ஜாவாஸ்கிரிப்ட் அந்தக் குறியில் தொடங்காது. ‘எதிர்பாராத குறி’ என்று ஒரு பிழைச் செய்தியை, எவரும் பார்க்காத இடத்தில் எழுதிவிட்டு, பிரவுசர் மௌனமாகிவிடுகிறது. பெண்மணி பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை. பொறியாளருடைய மேஜையில் அதே தளம் அப்பழுக்கின்றி ஓடுகிறது, அவர் புதிய பக்கத்தை அல்லவா திறந்து வைத்திருக்கிறார்! இப்படிப்பட்ட குறைகள் நாள்கணக்கில் பிடிபடாமல் போவதற்குக் காரணம், தேடுகிறவர் கண்ணுக்கு அவை ஒருபோதும் தென்படுவதில்லை என்பதே.

இதில் ஒரு சரித்திர விநோதமும் இருக்கிறது. அழிப்பதற்கு ‘ஆர்.எம்.’ என்ற ஆணையைத் தந்த அதே யூனிக்ஸ், ஒரு நாகரிகத்தையும் ஆதியிலிருந்தே கடைப்பிடித்து வருகிறது: ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை வேறொருவர் அழித்தால், ஃபோல்டரிலிருந்து பெயர் மட்டும் உடனே மறையும், உள்ளடக்கம், கடைசியாகப் பிடித்திருப்பவர் கையை விடும்வரை, வட்டில் அப்படியே இருக்கும். யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி வைத்திருப்பதால் யூனிக்ஸுக்கு இது இயலுகிறது. வலையின் சர்வருக்கோ அந்த எண்ணிக்கை தெரியாது; கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டு அடுத்த கணமே அவரை மறந்துவிடுவதுதான் அதன் தர்மம். அந்தப் பெண்மணி சுரங்கத்துக்குள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை அதற்கு அறிவிப்பார் எவருமில்லை.

நம் நாட்டில் இந்தச் சங்கடம் மேலைநாடுகளில் இருப்பதைவிடக் கூர்மையாக இருந்த காலம் ஒன்றுண்டு. அதற்குச் சான்று பெங்களூரிலேயே கிடைக்கிறது. 2007-ஆம் ஆண்டில் கோரமங்கலாவில் புத்தகக் கடையாகத் தொடங்கிய ஃப்ளிப்கார்ட், 2015-ஆம் ஆண்டில் கைபேசி பிரவுசருக்கான தன் தளத்தை மூடி, வருகிறவர்களை எல்லாம் செயலியின் பக்கம் திருப்பிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், கூகுளின் குரோம் குழுவினருடைய ஒத்துழைப்போடு, ‘ஃப்ளிப்கார்ட் லைட்’ என்ற பெயரில் பிரவுசருக்குத் திரும்பியும் வந்தது. அதைக் குறித்துக் கூகுள் பிரசுரித்த விவரத்தின்படி, அந்தத் தளத்துக்கு வந்தவர்களில் 63 சதவீதத்தினர் 2ஜி இணைப்பில் வந்தவர்கள். ஜியோ கடை திறந்தது 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில். அதற்கு முந்திய அந்நாட்களில், முதற்பக்கம் வந்து சேர்ந்ததற்கும் அது குறிப்பிடும் கோப்புகளை பிரவுசர் கேட்டு முடிப்பதற்கும் நடுவில், ஒருவர் காபி ஆற்றிக் குடித்துவிடலாம். அந்த இடைவெளியில் சர்வரில் துடைப்பு நடந்துவிட்டால், பழைய பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவர் மட்டுமல்ல, அப்போதுதான் வாசற்படியில் கால் வைத்தவரும் வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஃப்ளிப்கார்ட் லைட் போன்ற தளங்களுக்கு ஆதாரமாக விளங்கிய புதுமை, ‘சர்வீஸ் வொர்க்கர்’ என்னும் ஏற்பாடு. அது தளத்தின் சார்பில் நம்முடைய கைபேசியிலேயே தங்கி, வேண்டிய கோப்புகளைத் தன் வசம் சேர்த்து வைத்து, இணைப்பு இல்லாதபோதும் பக்கத்தைத் திறந்து காட்டும். அதாவது துடைக்க வேண்டிய இடம் இப்போது சர்வர் ஒன்றோடு நிற்கவில்லை; லட்சக்கணக்கான சட்டைப்பைகளுக்குள்ளும் ஒவ்வொரு டிஸ்ட் ஃபோல்டர் குடியேறிவிட்டது. இதை வகுத்தவர்கள், வலைக்கு இல்லாதிருந்த அந்த யூனிக்ஸ் நாகரிகத்தை இங்கே மறக்கவில்லை. புதிய சர்வீஸ் வொர்க்கர் வந்து இறங்கினாலும், பழையதன் ஆளுகையில் ஒரே ஒரு பக்கம் திறந்திருக்கும்வரை, அது பதவி ஏற்காமல் காத்திருக்கும். கடைசிப் பக்கமும் மூடிய பிறகே விழித்தெழுந்து, பழைய கேஷ் களஞ்சியங்களை அழிக்கும். இந்தக் காத்திருப்பைத் தாண்டிக் குதிப்பதற்கும் ஓர் ஆணை வைத்திருக்கிறார்கள். அவசரக்காரர்கள் அதைத் தாராளமாக உபயோகித்து, பிறகு எதிர்பாராத குறியைத் தேடிக்கொண்டு அலைகிறார்கள்.

சர்வரைப் பொறுத்தமட்டில், மனிதர்கள்தாம் அந்தப் பொறுமையைக் கைக்கொள்ள வேண்டியிருக்கிறது. அனுபவசாலிகள் முதலில் எண்ணிட்ட புதிய கோப்புகளை மட்டும் ஏற்றுவார்கள். அவை எல்லா சர்வர்களிலும் போய்ச் சேர்ந்தது உறுதியான பின்பே முதற்பக்கத்தை மாற்றுவார்கள். பழையவற்றை அன்றைக்குத் தொடவே மாட்டார்கள். கோப்புகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் ‘ஆர்சிங்க்’ என்ற கருவியும், அழி என்று தனியே சொன்னாலன்றிச் சேருமிடத்தில் எதையும் அழிப்பதில்லை. ‘கேப்பிஸ்ட்ரானோ’ என்னும் கருவி, ஒவ்வொரு வெளியீட்டையும் தேதியும் நேரமும் பெயராகக் கொண்ட தனி ஃபோல்டரில் வைத்து, ‘கரண்ட்’ என்ற சுட்டியை மட்டும் புதியதன் பக்கம் திருப்பும். நாம் வேறு சொல்லாவிட்டால் கடைசி ஐந்து வெளியீடுகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கும். ஏதேனும் பிசகினால் சுட்டியைப் பின்னால் திருப்பிவிடலாம் என்பது அதில் உபரியான லாபம். ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சுட்டி திரும்பிய கணத்திலேயே பழைய கோப்புகள் ஜனங்களுடைய பார்வைக்கு எட்டாமல் போகின்றன. ஆகவே எண்ணிட்ட கோப்புகளை மட்டும் எல்லா வெளியீடுகளுக்கும் பொதுவான ஓரிடத்தில் வைப்பது உசிதம்.

எத்தனை நாள் வைப்பது? இதற்குப் பொது விதி சொல்ல எனக்குத் தெரிந்து எவருமில்லை. புடவைக் கடையின் பக்கத்தை ஒருவர் வாரக்கணக்கில் திறந்து வைத்திருக்க மாட்டார். ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ கணக்கு எழுதும் குமாஸ்தா, திங்கட்கிழமை காலையில் திறந்த ஜன்னலை அடுத்த மாதம் மின்சாரம் போகும்போதுதான் மூடுவார். அவரவர் ஜனங்களின் பழக்கத்தை அறிந்து தீர்மானிக்க வேண்டியது இது. சந்தேகமிருந்தால் அதிகமாகவே வைத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம், இரகசியச் சாவி உள்ள கோப்பு நீங்கலாக. துண்டு கிடைக்காதபோது பக்கம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி செய்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வீட் கருவி இதற்கென்றே ஒரு சமிக்ஞையை எழுப்பித் தருகிறது. செய்யலாம், ஆனால் பாதி நிரப்பிய விண்ணப்பம் அந்தப் புதுப்பித்தலில் காற்றாய்ப் போனால், நிரப்பியவர் வாயிலிருந்து வரும் வார்த்தைகளை அச்சிட முடியாது.

நாள் கணக்கு வைத்து நீக்குகிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. முப்பது நாளைக்கு மேற்பட்டதை எல்லாம் அழி என்று ஒரு விதியைச் சேமிப்பகத்தில் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது சர்வ சாதாரணம். ஆனால் எண் என்பது உள்ளடக்கத்திலிருந்து வருவதல்லவா? ரியாக்ட் போன்ற நூலகங்களை மட்டும் தாங்கிய துண்டு, ஆறு மாதம் ஒருவரும் கை வைக்காவிட்டால், ஆறு மாதமும் அதே எண்ணோடு இருக்கும். ஏற்கெனவே இருப்பதை மறுபடி ஏற்றுவானேன் என்று சர்வருக்கு ஏற்றும் கருவி அதைத் தாண்டிப் போய்விடும். தேதியைப் பார்த்தால் அந்த ஃபோல்டரிலேயே மூத்த கோப்பு அதுதான். உபயோகத்தைப் பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் அதன்மேல்தான் நிற்கிறது. முப்பத்தோராம் நாள் விடியலில் விதி தன் கடமையைச் செய்கிறது. தளம் முழுவதும் சரிகிறது. ஆகையினால் தேதியை நம்பாமல், ஒவ்வொரு பில்டும் தான் பயன்படுத்தும் கோப்புகளின் பெயர்களை எழுதி வைக்கும் ‘மேனிஃபெஸ்ட்’ பட்டியலை வைத்துக்கொண்டு, சமீபத்திய சில பட்டியல்களில் எதிலும் காணப்படாத கோப்பை மட்டும் நீக்குவதே முறை. பட்டியலை எடுப்பதற்கு வீட் கருவியில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாத கோப்பு ஒன்று மட்டும் உண்டு. அது சர்வீஸ் வொர்க்கருடைய ஸ்கிரிப்ட்டே. அதன் பெயரில் எண்ணைப் பதிப்பதில்லை. என்றும் அதே பெயரில் இருந்தால்தான், கைபேசியில் குடியிருக்கும் பழையது, தனக்குப் பின்னவர் வந்துவிட்டாரா என்று அந்த முகவரியில் போய்ப் பார்க்க முடியும். ஒரு தளம் அந்த ஏற்பாட்டையே கைவிட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி வேண்டாதது என்று அந்தக் கோப்பை சர்வரிலிருந்து நீக்கினால், கைபேசியில் இருப்பது ஓய்வு பெறுவதில்லை; தேடிப் போய்ப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி, பழைய பக்கத்தையே விசுவாசத்தோடு காட்டிக்கொண்டிருக்கும். அதை ஓய்வு பெறச் செய்ய வழக்கமான வழி, அதே பெயரில், தன் பதிவைத் தானே ரத்து செய்துகொள்வதைத் தவிர வேறு எதுவும் செய்யாத நாலைந்து வரிக் கோப்பு ஒன்றை வைப்பதுதான். அப்படி வைத்தபின், பழைய பிரதியைச் சுமந்துகொண்டிருக்கும் கடைசிக் கைபேசி என்றைக்கு வந்து கேட்கும் என்று எவராலும் சொல்ல இயலாதாகையால், பெங்களூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி, எவரும் குறிப்பிடாத இந்தக் கோப்பு இங்கே எதற்கு, எடுத்துவிடட்டுமா என்று கேட்கும்போது, மூத்தவர் நாற்காலியைத் திருப்பி, ‘அதை மட்டும் தொடாதேம்மா’ என்று சொல்லிவிட்டு, காரணத்தை விளக்க ஒரு காபி நேரம் எடுத்துக்கொள்கிறார்.